எட்டு யூரோ ட்ராபான்ட் வாங்குனது தப்பா?

கேள்வி: அண்ணா, நான் மதுரைக்காரன், இப்போ ஜெர்மனி லைப்சிக்ல எம்.எஸ். படிக்கிறேன். இங்க அக்ராங்கிற பழைய சாமான் சந்தையில ஒரு குட்டி ட்ராபான்ட் பொம்மை காரை (பழைய கிழக்கு ஜெர்மனி கார்) 8 யூரோவுக்கு வாங்கினேன், 1:43 அளவு, அதாவது நிஜ வண்டியில 43ல ஒரு பங்கு. அதுல இருந்து பைத்தியம் பிடிச்சு இப்போ 11 வண்டி ஆச்சு. ரூம்மேட் "இதெல்லாம் பத்திரிகையோட வர்ற சீப் ஐட்டம், திருப்பி வித்தா காசு வராது, சேர்த்து வச்சு 70 யூரோவுக்கு நல்லதா ஒண்ணு வாங்கு"ங்கிறான். மாசம் 25 யூரோ தான் என்னால முடியும். என்ன பண்ணட்டும்? ஊருக்கு எப்படி கொண்டு போறது?

பதில்: தம்பி, ரூம்மேட் சொல்றது பாதி சரி. வித்தா காசு வராது, காசு தான் வேணும்னா தங்கம் வாங்கிக்க. மீதி பாதி தான் தப்பு.

டீஅகோஸ்தினி, அஷெத் மாதிரி கம்பெனிங்க ஐரோப்பால பல வருஷமா இதழுக்கு ஒரு கார்னு விட்டுட்டு இருக்காங்க, முதல் இதழ் சும்மா குடுக்குற மாதிரி ஒரு விலை, அடுத்ததுல இருந்து ஏத்திடுவாங்க, பாதியில சலிச்சுப் போனவங்க வீட்டுல இருந்து தான் அதெல்லாம் சந்தைக்கு வருது. அதனால சந்தா கட்டாத, சந்தையிலயே பொறுக்கு. இந்த கார்கள்ல நிறைய இக்ஸோங்கிற மாடல் கார் கம்பெனி செஞ்சு குடுத்தது, அதே இக்ஸோ சொந்த பேர்லயும் கடையில விக்குது. அச்சு பல நேரம் ஒண்ணு தான், வித்தியாசம் எங்கன்னா பெயின்ட்லயும் சின்னச் சின்ன பாகத்துலயும். உன் ட்ராபான்ட் ஹெட்லைட்டை வெளிச்சத்துல வச்சு பாரு, நடுவுல ஒரு புள்ளி தெரியும், கண்ணுல பூ விழுந்த மாதிரி. கண்ணாடியை பாடியில சொருகுற முளை அது. விலை கூடின மாடல்ல அதை மறைச்சிருப்பாங்க. ஒரு முழ தூரத்துல அலமாரியில நிக்கும்போது யாருக்குத் தெரியப்போகுது சொல்லு. அதுவும் போலந்து சிரேனா மாதிரி வண்டின்னா இந்த பத்திரிகை சீரிஸ்ல தான் சுலபமா கிடைக்கும்.

ஆனா ஒண்ணு, கண்ணுல பட்டதெல்லாம் வாங்காத. ஒரு நூல் பிடிச்சுக்கோ. நானா இருந்தா டூ ஸ்ட்ரோக் கார்னு முடிவு பண்ணுவேன். நம்மூர்ல ஆர்எக்ஸ் 100 ஓட்டினவனுக்கு அந்த வாசனை மறக்குமா, பங்க்ல 2டி ஆயில் கலந்து பெட்ரோல் போட்ட காலம். அதே கதை தான் அங்க கார்ல. ட்ராபான்ட் 601, 1964ல வந்தது, ரெண்டு சிலிண்டர், முதல்ல 23 குதிரை சக்தி, அப்புறம் 26 ஆச்சு. பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள்ள இன்ஜினுக்கு மேல உக்காந்திருக்கும், பம்ப்பே கிடையாது, தானா இறங்கும், எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டு பாக்கணும். தகடு தட்டுப்பாட்டுல வெளிப் பாடியை பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்தி செஞ்சாங்க. இதுல பாரு, நிஜ வண்டிக்கு பிளாஸ்டிக் மாதிரி பாடி, உன் கையில இருக்குற பொம்மைக்கு உலோக பாடி!

அடுத்து ஐசனாக் ஊர் வார்ட்பர்க் 353, மூணு சிலிண்டர். அப்புறம் டிகேடபிள்யூ 3=6, பேரே அது தான், டூ ஸ்ட்ரோக்ல மூணு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டருக்கு சமம்னு பீத்திக்க வச்ச பேரு. ஸ்வீடன் சாப் 96 கூட முதல்ல டூ ஸ்ட்ரோக் தான், 67 மாடல்ல தான் ஃபோர்டு வி4 வந்துச்சு. இப்படி அஞ்சாறை வரிசையா வச்சா அதுவே ஒரு கதை சொல்லும். எல்லாம் 1:43லயே வாங்கு, ட்ராபான்ட் எட்டே கால் செ.மீ. வரும், வார்ட்பர்க் கிட்டத்தட்ட பத்து, பக்கத்துல வச்சா எது பெருசுன்னு கண்ணுலயே தெரியும். ஹாட் வீல்ஸ்ல லாரியும் காரும் ஒரே சைஸ்ல இருக்கும், எனக்கு அது ஆகாது.

வாங்குறப்போ பெயின்ட்ல கொப்புளம், மயிரிழை விரிசல், கதவுகிட்ட பாடி வளைஞ்ச மாதிரி எதாவது இருக்கான்னு பாரு. இந்த பொம்மைங்க செய்யுற துத்தநாகக் கலவையில ஈயம் மாதிரி கசடு சேர்ந்துட்டா உள்ளுக்குள்ளயே உளுத்து நொறுங்கும், மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்கு ஒட்டிக்கும்னு பயமுறுத்துவாங்க, ஒட்டாது. ஈரக் காத்து பட்டா வேகமா போகும்.

ஊருக்கு கொண்டு வர்றப்போ கார் நிக்குற அடிக்கட்டையில ஸ்க்ரூ போட்டே வை, கழட்டாத, சைடு மிரர் தான் முதல்ல உடையும். மெல்லிசு டிஷ்யூ பேப்பர் சுத்தி அதுக்கு மேல பபிள் ரேப், நேரா பபிள் ரேப் சுத்தி மாசக்கணக்குல வச்சா பெயின்ட்ல வட்டம் வட்டமா தடம் விழும். செக்-இன் பெட்டியில போடாத, கைப்பையில போடு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட முதல்லயே சொல்லி வச்சுரு. எங்கம்மா தூசி படிஞ்சிருக்கேன்னு என் சாப் 96-ஐ விம் போட்டு தேய்ச்சு கழுவி வெயில்ல காயவச்சாங்க, நம்பர் பிளேட்டு போயே போச்சு. இப்போ அது நம்பர் இல்லாத வண்டியா தான் நிக்குது.

லைப்சிக்ல இருந்து சுவிக்காவுக்கு எஸ்-பான் ரயில் போகுது, ட்ராபான்ட் பிறந்த ஊரு, ஆகஸ்ட் ஹார்ஷ் கார் மியூசியம் அங்க தான். ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வா. டேங்க்ல விடுற அந்த குச்சி கண்ணுல பட்டா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.