படகை விற்றுக் கப்பல் படிப்பு வேண்டாம்

கீழக்கரைக்கு அருகிலுள்ள கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து, சங்கு குளிப்பவர் ஒருவரின் மனைவி எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் படித்த அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். அமெரிக்காவில் சிலர் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலடியில் ஜேடு என்னும் பச்சைக் கல்லைத் தேடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தானும் அதைத்தான் செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தாய்மாமனோ, "கல் பொறுக்கவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?" என்று கோபித்துக்கொண்டு, தனியார் கல்லூரி ஒன்றில் கப்பல் பொறியியலுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்கு நாட்டுப்படகை விற்க வேண்டும். மிச்சத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும். மகனுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் புத்தி சொல்ல வேண்டியது முதலில் உங்கள் தம்பிக்குத்தான் என்று நினைக்கிறேன். கப்பல் பொறியியல் என்பது கப்பலின் இயந்திர அறையில் வெப்பத்திலும் இரைச்சலிலும் செய்யும் வேலைக்கான படிப்பு. அந்த வேலையை விரும்புகிறவர்களுக்கு அது நல்ல தொழில்தான். பயிற்சிக்கு இடம் தரக் கப்பல் நிறுவனம் ஒன்றோடு முன்னேற்பாடு இல்லாமல் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் பலர், படிப்பு முடிந்தபின் பயிற்சிக்குக் கப்பல் கிடைக்காமல் அலைவதைத் துறைமுக ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாலரில் சம்பளம் வாங்கும் உறவினர் ஒருவரைக் காட்டி முடிவெடுப்பவர்கள், இப்படி அலைகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குடும்பத்துக்குச் சோறு போடும் படகை இதற்காக விற்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

அடுத்து, மகனின் ஆசைக்கு வருவோம். உத்தரகோசமங்கை மரகத நடராசரின் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பச்சைக் கல்லின்மேல் மயக்கம் வருவதில் வியப்பில்லை. அவன் பார்த்த காணொளி பெரும்பாலும் கலிபோர்னியாவின் பிக் சர் கரையிலுள்ள ஜேடு கோவ் பகுதியில் எடுத்ததாக இருக்கும். அங்கே 1971-இல் மூழ்காளர்கள் நான்கு டன்னுக்கும் மேற்பட்ட ஒரே ஜேடுப் பாறையைக் கடலிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். இன்று அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அலை தானாகப் பெயர்த்துப் போட்ட கல்லை மட்டும், சுமார் 27 மீட்டர் ஆழம் வரை, ஒருவர் தாமே சுமக்கும் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். பாறையை உடைக்கக் கூடாது. அங்கேயும் பெரும்பாலானோருக்கு இது விடுமுறை நாள் பொழுதுபோக்குதானே தவிரச் சம்பளம் தரும் உத்தியோகம் அன்று.

நம் மன்னார் வளைகுடாவில் ஜேடு கிடையாது. பூமிக்குள் உருமாறிய செர்பென்டினைட் போன்ற பாறைகளை ஒட்டி உருவாகும் கல் அது. நம் தீவுகளோ பவளமும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்து வளர்ந்தவை. இங்கே கடலடியில் கையில் அகப்படும் கல் பெரும்பாலும் முருகைக்கல், அதாவது பவளக்கல்தான். அதை எடுப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்காவும்கூட. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால் அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, அவனுடைய விருப்பத்தை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. நீங்கள் குறையாக எழுதிய ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கரையில் பொறுக்கிய கற்களை நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கிறான், கத்தியால் கீறிப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஃப்ரைட் வகை ஜேடு தண்ணீரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி உடையது. பாட்டில் கண்ணாடி இரண்டரை மடங்குதான். எஃகுக் கத்தி நெஃப்ரைட்டைக் கீறாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இந்தச் சோதனைகளைத் தேடிச் செய்யும் பிள்ளையின் நாட்டம் நீச்சலைவிடக் கல்லின்மேல்தான் அதிகம். அவன் படிக்க வேண்டியது புவியியல் அன்று, பலர் அதனோடு குழப்பிக்கொள்ளும் புவியமைப்பியல். கல்லூரிகளில் ஜியாலஜி என்பார்கள்.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வழியாகப் பேருந்தில் போய்விடக்கூடிய தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் கல்லூரியில் இந்தத் துறை இருக்கிறது. திருச்சி தேசியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் உண்டு. அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் பிரிவிலோ சேர்ந்தால், மூன்றாண்டுக் கட்டணம் முழுவதும் உங்கள் தம்பி பேசி வைத்திருக்கும் நன்கொடையின் ஓரத்தைக்கூடத் தொடாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதலாண்டில் கனிமங்களையும் படிகங்களையும் கையில் எடுத்து இனங்காணப் பழகுவார்கள். பிறகு பாறையைக் கண்ணாடித்தாள் அளவுக்குச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது, நிலவரைபடம் தயாரிப்பது, சுத்தியலோடு வெயிலில் பல நாள் களப்பணி என்று போகும். வெயிலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு ஆகாது. சங்கு குளிப்பவர் மகனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இளநிலைப் பட்டம் மட்டும் போதாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதுநிலை அறிவியல் படிப்பில் சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினால் மும்பை, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்களில் முதுநிலை படிக்கலாம். அதன்பின் மத்தியத் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு; தேறினால் 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியமைப்பியல் ஆய்வு நிறுவனத்திலோ (ஜியாலஜிக்கல் சர்வே) மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ அதிகாரி வேலை. ஆய்வு நிறுவனத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். காலியிடங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். ஆகவே தமிழ்நாடு தேர்வாணையம் நடத்தும் உதவிப் புவியமைப்பியலாளர் (ஜியாலஜிஸ்ட்) தேர்வையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடலை விட வேண்டுமே என்று மகன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆய்வு நிறுவனத்தின் கடல்சார் பிரிவு மங்களூரிலிருந்து இயங்குகிறது. சமுத்திர ரத்னாகர் போன்ற அதன் கப்பல்கள் கடலடியிலிருந்து மண்ணையும் கல்லையும் எடுத்து ஆராய்கின்றன. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில், உருளைக்கிழங்கு அளவுக் கற்கள் மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட்டைத் தாங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஆராயும் உரிமை நம் நாட்டிடம் இருக்கிறது. ஐயாயிரம் மீட்டருக்கும் ஆழமான அந்தத் தரைக்கு மூன்று பேரை அனுப்புவதற்கான மத்ஸ்யா 6000 என்ற கலத்தைச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது. கடலடிக் கல்லைத் தேடுவது நம் நாட்டில் உத்தியோகமாக இருப்பது இந்த வழியில்தான்.

காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா பயிற்சியைக் கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில், முறையான பயிற்சியாளரிடம் கற்கட்டும். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும், அது போதும். அதுவரை தந்தையோடு போய்க் படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்க அவனை விடாதீர்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி, மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகும். உங்கள் கணவரின் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரையும் மருத்துவரிடம் காட்டி, செய்யும் தொழிலை மறைக்காமல் சொல்லுங்கள்.

கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். மாமா உதவத்தான் விரும்புகிறார் என்றால் விடுதிச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்சு ஒன்றும் வாங்கிக் கொடுக்கட்டும், முதல் வாரத்திலேயே அது தேவைப்படும்.