ஆணியை நம்பாதீர்கள்

சார், வாணவேடிக்கைக் குண்டுகளை மேலே ஏவ நீங்கள் செய்த ஐந்து குழாய் மர ரேக் (குழாய்களை நிறுத்தி வைக்கும் சட்டம்) இரண்டாவது குண்டிலேயே பக்கவாட்டில் சாய்ந்ததற்குக் காரணம் ஆணியும் குறுகலான அடியும்தான். ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது ரேக்கைக் கீழே இடிக்கிறது. அந்த அதிர்வில் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். ஹார்டுவேர் கடையில் நல்ல மர ஸ்க்ரூ வாங்குங்கள், முனைகளில் பிளைவுட் வைத்து முடுக்குங்கள். ரேக்குக்குக் குறுக்கே நீளமான ரீப்பர் கால்கள் வேண்டும், அவற்றை முளையடித்துக் கட்டுங்கள்.

பி.வி.சி. குழாயை இன்றே தூக்கிப் போடுங்கள். உள்ளே குண்டு வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும், எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) குழாய் பெரும்பாலும் கிழிவதோடு நிற்கும். குழாய்களுக்கு இடையே கட்டை வைத்து இடைவெளி விடுங்கள், ஒன்று வெடித்தால் பக்கத்துக் குழாய் திரும்பும் வாய்ப்பு குறையும். ரேக் பெரும்பாலும் அதன் நீளப் பக்கமாகத்தான் சாயும், அதனால் ரேக்கின் குறுகிய முனை கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும், நீளப் பக்கம் அல்ல. உரிமம் உள்ளவர் தவிர யாரும் பற்றவைக்க வேண்டாம், தயவுசெய்து.