வெளியேறு என்று முதலில் சொன்னவர்கள்

கேள்வி: ‘அரசே, கோயிலை விட்டு வெளியேறு’ என்ற கோரிக்கையை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? மழுப்பாமல் பதில் சொல்லவும். (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஆதரிக்கவில்லை. ஆனால் ‘வெளியேறு’ என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஏனென்றால் சென்னை மாகாணத்தில் அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் பலர் பாதிரியார்கள். 1817-ம் ஆண்டின் 7-வது ஒழுங்குமுறைச் சட்டப்படி கோயில் சொத்துகளின் மேற்பார்வை கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியத்திடம் இருந்தது. கலெக்டர்கள் மானியக் கணக்குப் பார்த்தார்கள். தேர் வடம் பிடிக்க ஆள் திரட்டினார்கள். திருவிழாவில் பட்டாளம் மரியாதை செலுத்தியது. தெருமுனையில் அச்சு இறங்கி நின்றுவிட்ட தேரின் அருகே, துரை ஒருவர் வியர்த்து விறுவிறுத்து, ‘இன்னும் கொஞ்சம் இழுங்கள்’ என்று கூவுவதை நினைத்துப் பாருங்கள். தேர் நிலைக்கு வந்ததும் அவர் கையிலும் ஒரு தொன்னை சுண்டல் திணிக்கப்பட்டிருந்தால், அதை வருவாய் வாரியத்துக்கு வரவென்று எழுதுவாரா, செலவென்று எழுதுவாரா?

கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகத்துக்கு ஊழியம் செய்யலாமா என்று கேட்டு, 1836-ல் சென்னைப் பேராயர் டேனியல் கோரி வழியாக ஒரு மனு போனது. இரண்டு ஆண்டுகளில் படைத்தலைவர் பெரக்ரின் மெயிட்லண்ட் இந்தக் காரணத்துக்காகவே பதவியைத் துறந்தார். கம்பெனி 1840-களில் கையை உதறத் தொடங்கியது. 1863-ம் ஆண்டின் 20-வது சட்டம் அதை முடித்துவைத்தது. கோயில்கள் தர்மகர்த்தாக்களிடமும், ஆயுட்கால உறுப்பினர்களைக் கொண்ட கமிட்டிகளிடமும் போயின. நிலம் யார் பெயரில் குத்தகைக்குப் போனது, நகைப் பெட்டிச் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்று கேட்டுக்கேட்டுச் சலித்த பக்தர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை, மடாதிபதிகளின் எதிர்ப்புக்கிடையே 1925-ல் அறநிலையச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தச் சலிப்பும் இருந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களை மதுரை மீனாட்சி சன்னிதிக்குள் அழைத்துச் சென்றபோது, அந்தப் பிரவேசத்தைக் காக்கச் சட்டம் போட்டதும் ராஜாஜியின் அரசுதான்.

அதற்காக அறநிலையத்துறைக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் அறங்காவலர் பெயர்கள் எழுத இடம் விட்ட பலகை பல ஆண்டுகளாக வெறுமையாகவே இருக்கிறது. அதன் கீழே ‘தக்கார்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் பெயின்ட் உதிர்ந்து நிற்கிறது. அறங்காவலர் இல்லாதபோது துறை தற்காலிகமாக நியமிப்பவர் தக்கார்; அவருக்குப் பின் இன்னொரு தக்கார். விளக்குக்கு எண்ணெய் குருக்களின் கைக்காசில் எரிகிறது. சீர்கேட்டைச் சரிசெய்யத்தான் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம், சரிசெய்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி அறங்காவலர் நாற்காலியிலிருந்து அரசு எழுந்துகொள்ளட்டும். தணிக்கை மேசையை விட்டு எழுந்தால்தான் எனக்குப் பயம்.

கோயில் சாவியை யாரிடம் கொடுப்பது என்று சென்ற முறை உங்களைக் கேட்டதற்கு, ‘பக்தர்களிடம்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். கும்பேஸ்வரர் கோயில் வாசலில் ஒரு நாள் காலையில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டு, அவற்றில் எந்த ஜோடியின் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுப்பது என்று எழுதுங்கள்.