அடித்தவரிடம் என்ன நடுநிலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைப் பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். குடும்பத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கும் சிகிச்சைமுறையில் பயிற்சி தந்தார்கள். 'யாரையும் குற்றவாளியாக்காதே, உறவுகளின் சுழற்சியைப் பார்' என்கிறார்கள். ஒருவர் குழந்தையை அடிக்கிறார். இதில் என்ன சுழற்சி? குழந்தையைப் பிரித்துக்கொண்டு போகவும் வழிசெய்யக்கூடிய நான் எப்படிச் சிகிச்சையாளர்போலப் பேசுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இத்தாலியக் குடும்பச் சிகிச்சையாளர் செல்வினி பலாசோலியும் மிலான் நகரத்துச் சகாக்கள் மூவரும் 1980இல் கருதுகோள் (வீட்டில் என்ன நடக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் ஊகம்), வட்டத்தன்மை (ஒருவர் செயல் மற்றவரைத் தூண்டித் திரும்பி வரும் சுழற்சி), நடுநிலை (யார் பக்கமும் சாயாமை) என்று மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே வட்டத்தில் நிறுத்தினால் பொறுப்பு யாருடையது என்று பெண்ணியச் சிகிச்சையாளர்கள் அந்தப் பத்தாண்டிலேயே கேட்டுவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம். மிலான் நால்வரில் ஒருவரான செக்கினே 1987இல் நடுநிலையை 'அறியும் ஆவல்' என்று மாற்றி விளக்கினார். உங்கள் பயிற்சியாளர்கள் அதுவரை வந்து சேரவில்லை போலும்.

'ஏன் அடித்தீர்கள்?' என்றால் மறுப்போ நியாயமோதான் வரும். 'அவர் குரலை உயர்த்தும்போது பெரியவள் என்ன செய்வாள்?' என்று பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். 'தம்பியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்' என்று பதில் வரலாம். இது எவ்வளவு காலமாக நடக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும், தாழ்ப்பாள் இல்லாத அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்விகள் தாமாக வரும். சுழற்சியைத் தேடுவது இதற்காகத்தான். அடித்தவரின் பொறுப்பு குண்டுமணி அளவும் குறைவதில்லை. ஆனால் அடித்தவர் முன்னிலையில் குழந்தையிடம் இதைக் கேட்காதீர்கள். நீங்கள் போன பிறகு அதற்கான விலையைக் குழந்தைதான் கொடுக்க வேண்டியிருக்கும். உடனடி ஆபத்து என்றால் கருதுகோளெல்லாம் பிறகு.

அதிகாரத்தை மறைத்தால்தான் பேச்சு கெடும். எதற்காக வந்திருக்கிறீர்கள், உங்களால் என்ன செய்ய முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, 'எது மாறினால் நாங்கள் வருவதை நிறுத்துவோம் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். தாய் வாய் திறக்கவில்லை என்றால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுவது நம் துறையின் பழக்கம். அந்த மௌனத்துக்கு உங்கள் வருகையே காரணமாக இருக்கலாம். நீங்களும் அந்த அமைப்புக்குள் வந்துவிட்டவர்தான்.

ஒன்று மட்டும் உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தது. லண்டனின் ஹாக்னியில் இம்முறையைக் கொண்டுவந்தபோது பணியாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். குழுவில் சிகிச்சையாளரும் இருந்தார். வாராவாரம் குடும்பங்களைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டம் இல்லாமல் பயிற்சியை மட்டும் தந்து அனுப்புவது வீண்செலவு. மேலாளரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.