தவளை ரத்தமும் மண்ணீரலும்: ஸ்லைடில் எதைப் பார்ப்பது?

சேலம் வட்டாரக் குளங்களிலும் சேர்வராயன் மலையிலும் தவளைகளின் உடல்நிலையைக் கவனிப்பவர்கள் கேட்டவையும் பதில்களும்.

ஏற்காடு: சார், ஜீம்சா சாயம் போட்ட ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று ஓட்டை ஓட்டையாத் தெரியுது. ஒட்டுண்ணியா?

ஒட்டுண்ணி இல்லைங்க, ஈரம். ஃபோகஸ் திருகை லேசாக அசைத்தால் அது மினுங்கும், சாயமும் ஏறியிருக்காது. மலையின் மழைக்காலக் காற்றில் ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சு மெதுவாகக் காய்வதுதான் முதல் காரணம். ரத்தத்தை இழுத்த கையோடு சிறு ஃபேன் முன்னால் பிடியுங்கள். இரண்டாவது காரணம் மெத்தனால். அடிக்கடி திறக்கும் பாட்டில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதில் நிலைப்படுத்தினாலும் இதே ஓட்டைகள் வரும். சின்ன பாட்டில்களில் பிரித்து வைத்து, 3 முதல் 5 நிமிடம் நிலைப்படுத்துங்கள்.

நிஜமான ஒட்டுண்ணி வேறு மாதிரி இருக்கும். ஹீமோகிரகரைன் என்ற ரத்த ஒட்டுண்ணி என்றால் சிவப்பணுவுக்குள் நீளவாக்கில் வளைந்து கிடக்கும், அதற்கென ஊதா உட்கரு இருக்கும், பல நேரம் அணுவின் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். டிரிபனோசோம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அணுக்களுக்கு வெளியே, அலையலையான சவ்வோடு தெரியும்.

அஸ்தம்பட்டி: எல்லாமே நீலமா வருது மேடம். இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் குருணை கூட சிவக்க மாட்டேங்குது.

பி.எச். மாறாமல் வைக்கும் பஃபர் கரைசலுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். காரத்தன்மை ஏறினால் நீலம் தூக்கும். பி.எச். 6.8 பஃபரில் ஜீம்சாவை 1:10 கலந்து 20 முதல் 30 நிமிடம். கழுவுவதும் அதே பஃபரில்தான். பூச்சு தடிப்பாக இருந்தாலும் நீலமாகும்.

ஓமலூர்: லிம்போசைட்டையும் திராம்போசைட்டையும் எப்படிப் பிரிக்கிறது சார்?

ஆரம்பத்தில் வெள்ளையணு எண்ணிக்கை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். திராம்போசைட் ரத்தம் உறைய உதவும் அணு, லிம்போசைட் ஒரு வெள்ளையணு. தவளையின் திராம்போசைட் உட்கருவுள்ள முழு அணு. வழக்கமாகக் கதிர் வடிவம், அதாவது இரு முனையும் கூம்பியிருக்கும். உட்கரு இறுகிக் கருத்திருக்கும், சைட்டோபிளாசம் நிறமே இல்லாத மாதிரி வெளிறியிருக்கும். லிம்போசைட் உருண்டை, உட்கருவைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பு. சிக்கல் என்னவென்றால், ரத்தம் உறையத் தொடங்கினால் திராம்போசைட்டும் உருண்டுவிடும். அப்போது கூட்டத்தைப் பாருங்கள்: மூன்று நான்காய் ஒட்டிக் கிடந்தால் திராம்போசைட். தனியாக நின்று, நீல விளிம்பும் தெரிந்தால் லிம்போசைட். முடிவு செய்ய முடியாத அணுவை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

பனமரத்துப்பட்டி: எவ்வளவு ரத்தம் எடுக்கலாம்? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய் போதுமா?

ஆரோக்கியமான தவளைக்கு உடல் எடையில் 1 சதவீதம் உச்சவரம்பு: 40 கிராம் என்றால் 0.4 மி.லி. நலிந்திருந்தால் அதில் பாதி. ஸ்லைடுக்கு ஒரு துளியே போதும். ஈ.டி.டி.ஏ. சில இனங்களில் சிவப்பணுவை உடைக்கும். அதே வேலைக்கு லித்தியம் ஹெப்பாரின் நல்லது. ஆனால் ஹெப்பாரின் சாயத்தை நீலமாக்கும், எனவே பூச்சை மருந்து கலக்காத முதல் துளியிலேயே இழுத்துவிடுங்கள். நீர்க்க 0.9 சதவீத சலைன் வேண்டாம், தவளைக்கு 0.65தான். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை போடுங்கள், தவளைகளுக்கு நோய் தரும் கைட்ரிட் பூஞ்சை கையோடு பரவும்.

சங்ககிரி: மருத்துவமனையில் ரத்த அணு எண்ணும் கவுண்டர் மெஷினில் கொடுக்கலாமா?

கூடாது. சிவப்பணுவுக்கும் உட்கரு இருப்பதால் மெஷின் குழம்பிவிடும். நாட்-ஹெரிக் என்ற சாயக் கரைசலில் 1:200 நீர்த்து, கட்டம் போட்ட நியூபவர் சேம்பரில் கையால் எண்ணுங்கள்.

சேலம் டவுன்: நியூட்ரோஃபில்–லிம்போசைட் என்ற இரு வெள்ளையணுக்களின் விகிதம் கூடியிருந்தால் தண்ணீர் மாசுதானா?

அவ்வளவு நேராகச் சொல்ல முடியாதுங்க. ஸ்ட்ரெஸ்ஸில் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் ஏறினால் விகிதம் கூடும். தொற்றிலும் கூடும். ராத்திரி பிடித்து வாளியில் போட்டு வைத்துக் காலையில் ரத்தம் எடுத்தால் வாளியாலேயே கூடியிருக்கலாம். பிடித்த இடத்திலேயே எடுங்கள். நூறு வெள்ளையணு எண்ணுங்கள், கோட்டைச் சுவர் மாதிரி மேலும் கீழுமாக நகர்ந்து. பூச்சின் நுனியில் பெரிய அணுக்கள் குவிவதால் அங்கே மட்டும் எண்ணினால் கணக்கு சாயும். திருமணிமுத்தாற்றுத் தவளையை ஏற்காட்டு ஏரித் தவளையோடு ஒப்பிட்டால் உயரமும் குளிரும் குறுக்கே வரும். அதே இனம், அதே பருவம், அதே உயரத்தில் சுத்தமான ஒரு குளம்: அந்த ஒப்பீடு இல்லாத விகிதத்தை நான் ஏற்பதில்லை.

வாழப்பாடி: மண்ணீரலை ஸ்லைடில் ஒற்றி அச்சு எடுத்தால் எல்லாம் நசுங்கிப் போகுது மேடம்.

இதற்காகத் தவளையைக் கொல்ல வேண்டாம். செத்த உடனே கிடைத்ததை, வனத்துறை மற்றும் நெறிமுறைக் குழு அனுமதியோடு எடுங்கள். சேலத்து வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே அணுக்கள் கரையத் தொடங்கும். குடல் சவ்வில் கருஞ்சிவப்பு உருண்டையாக இருப்பதுதான் மண்ணீரல். முதலில் எடை போடுங்கள். உடல் எடையில் அது எத்தனை சதவீதம் என்பது வீக்கத்தைக் காட்டும். பிளேடால் இரண்டாக வெட்டி, வெட்டு முகத்தை ஃபில்டர் தாளில் ரத்தம் வடிவது நிற்கும்வரை ஒற்றுங்கள். பிறகு ஸ்லைடில் தொட்டு எடுங்கள், தேய்க்கக் கூடாது. தேய்ப்பதால்தான் நசுங்குகிறது.

லிம்போசைட் நிறைய இருப்பது இயல்பு. உட்கரு ஓரத்தில் ஒதுங்கி அடர்நீலமாய் இருக்கும் பிளாஸ்மா அணுக்கள் பெருகியிருந்தால் எதிர்ப்பாற்றல் வேலை செய்கிறது என்று பொருள்.

அதே நபர்: பழுப்பு நிறமிகளும் தெரியுதே?

நிறமியைச் சேர்த்து வைக்கும் மெலனோமேக்ரோஃபேஜ் அணுவாக இருக்கலாம். வயதிலும் பருவத்திலும் கூடும், மாசிலும் கூடும். பொன்பழுப்பான இரும்பு நிறமி ஹீமோசிடரின் என்றால் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமாகும், மெலனின் ஆகாது. திசுவெட்டில் மட்டும், அதுவும் ரத்தம் தேங்கிய இடத்தில் கருப்புப் புள்ளிகள் இருந்தால் பஃபர் சேர்க்காத ஃபார்மலினைச் சந்தேகியுங்கள். மைக்ரோஸ்கோப்பின் போலரைசரில் மின்னினால் அது ஃபார்மலின் நிறமி. பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்தால் போய்விடும்.