பழைய கொரோலாவில் திறப்பு திரும்ப மாட்டேன் என்கிறது. இக்னிஷன் பூட்டை முழுதாக மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் தொண்ணூறுகளின் கொரோலாவில் திறப்பு தடையில்லாமல் உள்ளே போகிறது, ஆனால் காலையில் திரும்புவதில்லை, கொஞ்ச நேரம் ஆட்டி அசைத்தால் திரும்பிவிடுகிறது, கராஜில் பூட்டை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். திறப்பு இன்னும் திரும்புகிறது என்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. திறப்பு நுழையும் உருளையைக் கராஜில் பரல் என்பார்கள். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் திறப்பை ‘ஏசிசி’ நிலைக்கு, அதாவது என்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யும் இடத்துக்குத் திருப்பி, பக்கத்திலுள்ள சின்னத் துளைக்குள் மெல்லிய ஆணியை விட்டு ஒரு முளையை அமுக்கினால்தான் பரல் கழன்று வரும். ‘லொக்’கிலேயே இறுகி நின்றுவிட்டால் அந்த வழி இல்லை. துளைபோட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சின்ன வேலை பெரிய செலவாவது அப்போதுதான்.

முதலில் ஸ்டியரிங்கைப் பாருங்கள். திறப்பை உருவிய பிறகு பூட்டிலிருந்து ஓர் இரும்பு முளை ஸ்டியரிங் தண்டின் பள்ளத்துக்குள் இறங்கும். சில்லு ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு நின்றால் தண்டு அந்த முளையை அழுத்திப் பிடிக்கும், திறப்பு அசையாது. திருகோணமலை உவர்மலை இறக்கத்தில் சில்லை வீதிக்கரையோடு முட்டவிட்டு நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இடது கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லுப்போல நிற்கும், மற்றப் பக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் திறப்பை மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் இதிலேயே சரிவருகிறது என்றால் பூட்டில் பிழையே இல்லை. சமதரையில், சில்லு நேராக நிற்கும்போதும் இறுகுகிறது என்றால் அடுத்தது திறப்பு.

பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். திறப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்களின் உச்சியில் வெள்ளைப் பூச்சு போய் மஞ்சள் பித்தளை தெரிகிறதா? பற்கள் கூராக இல்லாமல் மழுங்கி உருண்டிருக்கின்றனவா? பரலுக்குள் வரிசையாகப் பித்தளைத் தகடுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல்போன்ற சுருள் கம்பி. சரியான திறப்பு உள்ளே போனதும் எல்லாத் தகடுகளும் பரலின் மேற்பரப்போடு மட்டமாகிவிட வேண்டும். ஒரு தகடு மயிரளவு மேலே நின்றாலும் போதும், பரல் திரும்பாது. முப்பது வருடம் தேய்ந்த திறப்பு தகட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தாது. ஆட்டினால் திரும்புவது அதனால்தான்: அசைக்கும்போது ஏதோ ஒரு கணத்தில் எல்லாம் மட்டமாகிவிடுகின்றன.

வீட்டில் இரண்டாவது திறப்பு கிடந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். சுகமாகத் திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால், கையிலுள்ள தேய்ந்த திறப்பைக் கொடுத்து இன்னொன்று வெட்டாதீர்கள், தேய்மானத்தையும் சேர்த்துத்தான் அந்த மெசின் வெட்டித் தரும். தொழிற்சாலை அளவில் வெட்ட திறப்பு எண் வேண்டும். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார்களில் அந்த எண் பொறித்த சின்னத் தகடு பெரும்பாலும் கூட வருவதில்லை. ஆனால் பல டொயோட்டாக்களில் முன் பயணி பக்கக் கதவுப் பூட்டின் பரலில் எண் பொறித்திருக்கும், கதவின் உள்மூடியைக் கழற்றினால் பார்க்கலாம். எண் இல்லாவிட்டாலும் அந்தப் பரல் உதவும். அந்தப் பக்கம் யாரும் திறப்புப் போடுவது குறைவு, ஆகவே உள்ளே தகடுகள் புதிதுபோலவே இருக்கும். ஒரே திறப்புத்தான் கதவுக்கும் இக்னிஷனுக்கும் என்பதால், வேலை தெரிந்தவர் பெரும்பாலும் அந்தத் தகடுகளை அளந்தே புதுத் திறப்பு வெட்டிவிடுவார்.

திறப்பு நல்லதாக இருந்தும் இறுகுகிறதா? அப்படியென்றால் உள்ளே ஊத்தை. திருகோணமலை நகரம் இரண்டு பக்கமும் கடல். டச்சுக்குடாப் பக்கம் நிறுத்தினாலும் உப்புவெளியில் நிறுத்தினாலும் உப்புக்காற்று விடாது. நடு வருடத்தில் கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும், வருடக் கடைசியில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிற பழைய காரில் இவ்வளவும் அந்தத் திறப்புத் துளைக்குள் போகும்.

இதற்கு எண்ணெய் விடுகிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காத ஒன்று. தேங்காயெண்ணெய், தையல் மெசின் ஒயில், கிறீஸ் எல்லாம் ஊற்றுகிறார்கள். அன்றைக்குச் சுகமாகத் திரும்பும், பிறகு புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியப்பாவின் நிசான் சன்னி காரில் இப்படி ஒயில் விட்டு விட்டு ஓடிய பரலை பாலையூற்றில் ஒரு பாஸ் கழற்றித் தட்டில் தட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்தது கறுத்த களி. அதற்குள் மணல் மின்னியது. சுருள் கம்பிகள் இரண்டு அந்தக் களிக்குள் புதைந்து அசையாமல் கிடந்தன. “தம்பி, இது தேயவில்லை, மூச்சு முட்டித்தான் நிற்குது” என்றார். கழுவிக் காயவைத்துத் திரும்பப் பூட்டினார். அதே பரல், அதே திறப்பு, இன்றைக்கும் ஓடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றுங்கள். கொண்டக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைக் கழுவும் ஸ்பிரே) அதன் மெல்லிய குழாயால் துளைக்குள் கொஞ்சம் அடித்து, திறப்பைப் பலமுறை போட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை செய்யலாம். அது தீப்பற்றக்கூடியது, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பற்றரியைப் பூட்ட வேண்டும். அப்புறம் உலர்ந்த காரீயத் தூள் (கிரபைட்), கொஞ்சமாக. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற அதே காரீயம்தான். கடையில் கிடைக்காவிட்டால் 4பி பென்சிலைத் திறப்பின் இரண்டு பக்கமும் பற்களிலும் அழுத்தித் தேய்த்து உள்ளே விடுங்கள், அது போதும். தூளை அள்ளிக் கொட்ட வேண்டாம். காரீயம் மின்சாரம் கடத்தும், பரலுக்குப் பின்னால் சுவிட்ச் இருக்கிறது. இதில் இன்னொன்று: முன்பு எண்ணெய் விட்ட பூட்டில் கழுவாமல் காரீயம் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்து பசையாகிவிடும்.

எது செய்தாலும் குறடு பிடித்துத் திருப்பாதீர்கள். திறப்பு உள்ளே முறிந்தால் அன்றைய பயணமும் போகும், பூட்டும் போகும். திறப்போடு வீட்டுத் திறப்பு, கேட் திறப்பு, கடைத் திறப்பு என்று கொத்தாகத் தொங்கவிடுவதையும் நிறுத்துங்கள். மேடு பள்ள வீதியில் அந்தப் பாரம் ஆடி ஆடி பரலைத் தேய்க்கும். 2014இல் ஜெனரல் மோட்டர்ஸ், செவ்ரோலெட் கோபால்ட் உட்பட சுமார் 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அது இறுகிய பூட்டல்ல, சுவிட்ச் இளகியிருந்ததால் ஓடும்போதே ‘ஏசிசி’க்கு விழுந்து, என்ஜின் நின்று, காற்றுப்பையும் வேலை செய்யாமல் போனது. 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டது. கொத்தில் காரின் திறப்பைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லித்தான் உரிமையாளர்களுக்கு முதலில் அறிவித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் இறுகினால் பரலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். திறப்பைப் போட்டபடி வெளியே எடுத்தால் எந்தத் தகடு மேலே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். சிலர் அந்தத் தகட்டை அரத்தால் தேய்த்துவிடுவார்கள். ஒரு தகட்டில் துளியளவு என்றால் பரவாயில்லை. வரிசையாக எல்லாவற்றையும் தேய்த்தால் வேறு திறப்புக்கும் திரும்பும் பூட்டாகிவிடும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மாற்றுவதென்று வந்தால் பரலை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய பரல் எடுத்தால், உங்கள் திறப்புக்கு ஏற்றபடி தகடுகளை இடம் மாற்றிப் போட்டுத் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள், அந்த இடைவெளியில் நம் எல்லோருக்கும் இந்தப் பழைய கார்கள்தான் கைகொடுத்தன. அவற்றுக்கு ஒழுங்கான வேலை செய்து கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் முளையை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி ஸ்டார்ட் பண்ணும் வழியைச் சொன்னால் அந்தக் கராஜை விட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே கவனியுங்கள். என்ஜின் பிடித்த பிறகு திறப்பு தானாக ‘ஸ்டார்ட்’டிலிருந்து ‘ஒன்’னுக்குத் திரும்பி வருகிறதா? வராமல் அங்கேயே நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டர் சுற்றிக்கொண்டே இருந்து எரிந்துவிடும். உடனே கையால் பின்னுக்குத் திருப்புங்கள். திருப்பியும் சத்தம் நிற்கவில்லை என்றால் என்ஜினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து பற்றரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். பூட்டுச் சரியாகும் வரைக்கும் ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பானரைக் கதவுப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.