வாசம் போன துளசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூலிகைகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நிழலில் தொட்டி வைத்து, தாராளமாக உரமிட்டு ஒரு துளசி வளர்க்கிறேன். இலைகள் அகலமாக, பச்சைப்பசேலென்று இருக்கின்றன. ஆனால் கசக்கினால் வாசமே இல்லை. வெட்டவெளியில் தானாக முளைத்த துளசியோ சிற்றிலை, வாசம் மூக்கைத் துளைக்கிறது. கஷ்டப்பட்டு வளர்ந்த மூலிகைக்குத்தான் வீரியம் என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் பயிரிட்டு வளர்ப்பதெல்லாம் வெறும் சக்கைதானா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூக்கு சொன்னது சரி. நீங்கள் எடுத்த முடிவு பாதிதான் சரி.

துளசியின் வாசம், இலையின் மேல் உள்ள நுண்சுரப்பிகளில் சேரும் எண்ணெயிலிருந்து வருவது. செடி அதை நமக்காகச் செய்து வைப்பதில்லை. பூச்சி, பூஞ்சை, கடும் வெயில் என்று தன் பிழைப்புக்கான ஏற்பாடு அது. நிழலில் ஒளியும் புற ஊதாக் கதிரும் குறைவு. கிடைக்கும் ஒளியைப் பிடிக்க இலை அகலமாகி மெலிகிறது. கூடவே தழைச்சத்தும் (நைட்ரஜன்) நிறையக் கிடைத்தால், செடி கையிலிருப்பதையெல்லாம் வளர்ச்சியிலேயே செலவழித்துவிடும்.

ஆனால் இரண்டு செடிகளும் ஒரே வகைதானா? இரண்டிலும் ஒரு கிளை வெட்டி, ஒரே மண்ணில், ஒரே வெயிலில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹைசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அக்கிலியா என்ற மூலிகையை இப்படித்தான் சோதித்தார்கள். 1948-இல் வெளிவந்த ஆய்வு அது. வெவ்வேறு உயரங்களில் வளர்ந்தவற்றின் விதைகளைத் தாழ்நிலத் தோட்டம் ஒன்றில் வளர்த்தபோதும், உயர்மலை வகை குட்டையாகவே நின்றது. அந்த வேறுபாட்டில் பிறவியின் பங்கு பெரிது.

அப்புறம் இந்த ‘வீரியம்’ என்ற சொல். அதுதான் நம்மைக் குழப்புகிறது. மூலிகைக்குள் கூட்டவும் குறைக்கவும் ஒற்றைத் திருகு எதுவும் கிடையாது. துவர்ப்புப் பொருட்கள் பல, தழைச்சத்து குறைந்தால் கூடும். நித்தியகல்யாணியின் மருந்துப் பொருட்களான ஆல்கலாய்டுகளுக்கோ நைட்ரஜனே மூலப்பொருள். பட்டினி போட்டால் அவையும் பெருகும் என்று எதிர்பார்க்க முடியாது. மிளகுப்புதினாவில் கதை வேறு. நீண்ட பகலில் வளர்ந்தால் எண்ணெய் மெந்தோன், மெந்தால் என்ற மணப்பொருட்களின் பக்கம் சாயும். பகல் குறுகினால் மெந்தோஃபுரான் என்ற வேறொரு பொருள் ஏறும். அதே செடிதான், எண்ணெயின் சேர்மானம் மட்டும் மாறிவிடுகிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் ஒரு மூலிகையிலிருந்து கண்டறியப்பட்டபோதும் இந்தச் சிக்கல் இருந்தது. சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழுவுக்கு பெய்ஜிங் பக்கத்துச் செடிகளில் அந்தப் பொருள் சொற்பமாகவே கிடைத்தது. சிச்சுவான் செடிகளில் அதிகம். இலை பறிக்கும் பருவமும் முக்கியம்: பூப்பதற்குச் சற்று முன்பு.

வாடி வளர்ந்த செடியில் எண்ணெயின் சதவீதம் கூடலாம், சரி. ஆனால் இலையே கொஞ்சம்தானே? மொத்தக் கணக்கில் செழித்த செடி முந்திவிடக்கூடும். மணத்தை வைத்து எல்லா மூலிகையையும் எடைபோடவும் முடியாது. நிலவேம்பின் சாரம் கசப்பில் இருக்கிறது. அங்கே மூக்குக்கு வேலையில்லை.

என்னைக் கேட்டால், மருந்துக்கு வேண்டியது அதிக வீரியம் அல்ல, எவ்வளவு இருக்கிறது என்ற நிச்சயம். இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்ற செடியின் இலைத்தூளைக் கொடுத்த காலத்தில், இலைக்கு இலை வீரியம் மாறியது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளியோ மிகக் குறைவு. அதனால் தவளை, பூனை, புறா என்று விலங்குகளில் சோதித்துத் தரப்படுத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரே மாதிரி மண்ணும் நீரும் கொடுத்து, நாள் பார்த்துப் பறிக்கும் பயிர்தான் எனக்கு நம்பகமானது. காட்டுச்செடி எவ்வளவு காரமாக இருந்தாலும் சரி.

உங்கள் துளசிக்கு வருவோம். உரத்தை நிறுத்துங்கள். தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். ஒரே நாளில் தூக்கி வைத்தால் நிழலில் வளர்ந்த இலை கருகிவிடும். சுரப்பிகள் பெரும்பாலும் இலை தளிராக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. எனவே பழைய இலையைக் கசக்கி ஏமாறாமல், இனி வரும் தளிருக்குக் காத்திருங்கள்.